மில்டன் புயலோடு வந்த டொர்னேடோவில் கூரை போய்விட்டது: காப்பீடு, அரசு உதவி, பிள்ளையின் பயம் குறித்து வழி சொல்லுங்கள்

கேள்வி: நெய்தல்நிலா (செயின்ட் லூசி கவுண்டி, ஃப்ளோரிடா)

அனைவருக்கும் வணக்கம். 2024 அக்டோபர் 9ஆம் தேதி மில்டன் புயல் கரையைக் கடப்பதற்குச் சில மணி நேரம் முன்பே, பிற்பகலில், எங்கள் குடியிருப்பை டொர்னேடோ என்னும் சுழற்காற்று தாக்கியது. புயல் மேற்குக் கரையில் சரசோட்டா பக்கம்தான் ஏறும், கிழக்குக் கரையில் இருக்கும் நமக்கு மழையும் காற்றும்தான் என்று எண்ணி, ஜன்னல்களுக்கு ஷட்டர் போட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தோம். கைபேசியில் எச்சரிக்கை ஒலித்ததும், ஆறு வயது மகனையும் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானும் கணவரும் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்விட்டோம். எங்கள் நால்வருக்கும் சிறு கீறல்கூட இல்லை. எங்கள் கவுண்டியிலேயே ஆறு பேர் அன்று உயிரிழந்தார்கள் என்பதை நினைக்கும்போது, வீட்டைப் பற்றிப் பேசவே மனம் கூசுகிறது.

ஆனாலும் வீட்டைப் பற்றித்தான் இப்போது கேட்டாக வேண்டியிருக்கிறது. கூரையின் ஒரு பக்கம் ஏறக்குறைய முழுவதுமாகப் பிய்ந்துவிட்டது. உத்தரத்துக்கு மேல் பரப்பியிருந்த இளஞ்சிவப்பு நிறக் கண்ணாடியிழைப் பஞ்சு, மழையில் ஊறிக் கனத்து, உட்கூரையை உடைத்துக்கொண்டு கூடத்தில் கொட்டிக் கிடக்கிறது. சுவரிலும், சோஃபாவிலும், சாமி படங்களிலும், அரிசி டப்பாவின் மூடி இடுக்கிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. நண்பர் ஒருவருடைய வீட்டில் தங்கியிருக்கிறோம்.

இது டொர்னேடோவால் வந்த சேதம் என்று நாங்கள் சொல்ல, காப்பீட்டு நிறுவனத்தினரோ ஹரிகேனுக்கான (அதாவது கடும் புயலுக்கான) டிடக்டிபிள்தான் பொருந்தும் என்கிறார்கள். டிடக்டிபிள் என்பது காப்பீட்டுப் பணம் வருவதற்கு முன் நம் கையிலிருந்து போக வேண்டிய முதல் தொகை. சாதாரண டிடக்டிபிளைவிட அது பல மடங்கு அதிகம். அவர்கள் சொல்வது சரிதானா? நாங்கள் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறோம், மகன் இங்கே பிறந்தவன். அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் உதவிக்கு எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கலாமா? கூரை போட்டுத் தருகிறோம் என்று தினமும் யாராவது வந்து கதவைத் தட்டி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் காற்று அசைந்தாலே குளியலறைக்கு ஓடுகிறான், இரவில் காலணியைக் கழற்ற மறுக்கிறான். எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பனையோலை (ஃபோர்ட் மையர்ஸ்)

சகோதரி, நீங்கள் நால்வரும் நலமாக இருக்கிறீர்கள் என்பதே பெரிய ஆறுதல். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது நாங்களும் இதே நிலையில் நின்றவர்கள் என்பதால், காப்பீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு உவப்பாக இராது: காப்பீட்டு நிறுவனம் சொல்வது சரிதான். ஃப்ளோரிடா சட்டத்தில் ஹரிகேனால் உண்டாகும் காற்று, மழை, ஆலங்கட்டி மழை ஆகியவற்றோடு டொர்னேடோவும் ஒரே கணக்கில்தான் வருகிறது. மாநிலத்தின் எந்தப் பகுதிக்காவது ஹரிகேன் எச்சரிக்கை விடுக்கப்பட்டதிலிருந்து, கடைசி எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டு 72 மணி நேரம் கழியும்வரை அந்தக் கணக்கு நீளும். ஆகவே புயலின் கண் உங்கள் வீட்டிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளிச் சென்றிருந்தாலும், அதன் மழைப்பட்டையில் பிறந்த டொர்னேடோ ஹரிகேன் சேதமாகவே கொள்ளப்படும். இந்த டிடக்டிபிள் பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2, 5 அல்லது 10 சதவீதமாக இருக்கும். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். இதை எதிர்த்து வாதாடிப் பொழுதைக் கழிக்காமல், சேதத்தின் மதிப்பு குறைவாகப் போடப்படாமல் பார்த்துக்கொள்வதில் உங்கள் முழுக் கவனத்தையும் செலுத்துங்கள். பணம் கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

அதற்கு ஒரே வழி, எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன்பு பதிவுசெய்வது. ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று ஒரு முறை, நான்கு மூலைகளிலிருந்தும் ஒரு முறை படம் எடுங்கள். அலமாரிகளைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் மாதிரி எண் ஒட்டியிருக்கும் இடத்தைத் தனியாக எடுங்கள். நனைந்த கம்பளத்தை வீசத்தான் வேண்டும். ஆனால் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதன் தரத்தை வைத்துத்தான் விலை போடுவார்கள். கூரைக்குத் தார்ப்பாய் போடுவது போன்ற, சேதம் மேலும் பரவாமல் தடுக்கும் வேலைகளுக்கு, சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவற்றைச் செய்யாமல் விட்டால் பிற்பாடு வந்த சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். செய்த செலவுக்கு ரசீது இருந்தால் அதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

உங்கள் பாலிசியில் வீட்டைப் பயன்படுத்த முடியாத காலத்துக்கான பகுதி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகளில் அது உண்டு. வீடு வசிக்கத் தகுதியற்றதாகிவிட்டால், வழக்கமான செலவுக்கு மேல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையை அதிலிருந்து தருவார்கள். நண்பர் வீட்டில் எத்தனை நாள் தங்க முடியும்? இதைக் கேட்டுப் பெறாமலேயே விட்டுவிடும் நம் மக்கள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

காலக்கெடுவையும் அறிந்துகொள்ளுங்கள். புதிய கோரிக்கையைச் சேதம் நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு புதிதாகச் சேதம் தென்பட்டால் கூடுதல் கோரிக்கைக்கு 18 மாதங்கள் இருக்கின்றன. நிறுவனம் தன் பங்குக்கு 60 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் அல்லது மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். அட்ஜஸ்டர் தயாரிக்கும் விரிவான மதிப்பீடு உருவான 7 நாள்களுக்குள் அதன் நகலை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம்தான். அது கைக்கு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். உட்கூரை அளவும் பஞ்சின் அளவும் குறைத்து எழுதப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. இழுத்தடித்தால் மாநில நிதிச் சேவைத் துறையின் 1-877-693-5236 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அவர்களிடம் சமரசப் பேச்சுக்கான ஏற்பாடும் இருக்கிறது.

டாம்பா பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு செய்தி: ஹரிகேன் டிடக்டிபிள் ஒரே நிறுவனத்திடம் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறைதான். செப்டம்பர் 26 அன்று வந்த ஹெலீன் புயலில் காற்றால் நேர்ந்த சேதத்துக்கு நீங்கள் ஏற்கெனவே செலவழித்தது, மில்டன் கணக்கில் கழியும். ஹெலீன் சேதம் டிடக்டிபிளைத் தொடவில்லை என்று தெரிவிக்காமல் இருந்தவர்கள், ரசீதுகளோடு உடனே தெரிவித்துவிடுங்கள். கடல்நீர் உள்ளே வந்த சேதம் இதில் சேராது. அது வெள்ளக் காப்பீட்டின் கீழ் வருவது.

பதில்: குறிஞ்சிமலர் (டாம்பா)

ஃபீமா பற்றிய கேள்விக்கு நான் பதிலளிக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பலருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருவதால், இந்தக் குழப்பத்தைத் தினமும் காண்கிறேன்.

எச்-1பி விசாவில் இருப்பவர் தம் பெயரில் ஃபீமாவின் பண உதவியைப் பெற முடியாது; குடிமக்களுக்கும், பச்சை அட்டை உள்ளவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே அது உண்டு. ஆனால் உங்கள் மகன் இங்கே பிறந்த குடிமகன்; உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை. அவன் சார்பில், அவனுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்து நீங்கள் விண்ணப்பிக்கலாம். இது சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கும் வழி. விசாவுக்குப் பிற்காலத்தில் இடைஞ்சல் வருமோ என்று அஞ்சி, தகுதியுள்ள பிள்ளையின் உரிமையைக் கைவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. மனத்தில் ஐயம் இருந்தால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தங்குமிடம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை போன்ற பணமில்லாத உதவிகளுக்கு எவரிடமும் விசா கேட்கப்படுவதில்லை. உங்கள் அம்மாவுக்கும் அவை உண்டு.

இணையத்திலோ 1-800-621-3362 என்ற எண்ணிலோ பதிவுசெய்யலாம். உணவு, தண்ணீர், குழந்தைக்கான பொருள்கள் போன்ற உடனடித் தேவைக்கு மில்டன் பேரிடருக்கு 770 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு மேற்பட்ட உதவிக்கு, காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதத்தைக் கேட்பார்கள், ஏனெனில் காப்பீடு ஈடுசெய்வதை அரசு மறுபடி தருவதில்லை. ஆகையால் முதலில் 'தகுதியில்லை' என்று கடிதம் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஓர் ஆவணம் குறைகிறது என்பதுதான் அதன் பொருள். 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

கடவுச்சீட்டோ விசா ஒப்புதலுக்கான ஐ-797 தாளோ நனைந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். ஃப்ளோரிடா அட்லாண்டாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. சேதமடைந்த கடவுச்சீட்டுக்கு மாற்றுச்சீட்டு பெறச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவின் பயணத் தேதி நெருங்குகிறது என்றால் அவருடையதை முதலில் கவனியுங்கள்.  வருமான வரிக்கு, மில்டனை முன்னிட்டு ஃப்ளோரிடா முழுவதற்கும் 2025 மே 1 வரை அவகாசம் தரப்பட்டது.

பதில்: கல்தச்சன் (ஆர்லாண்டோ)

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். கதவைத் தட்டுபவர்களிடம் இன்றைய தேதியில் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். 'ஆய்வு செய்வதற்கான அனுமதி மட்டும்தான்' என்று நீட்டப்படும் தாளின் அடியில், வேலை முழுவதையும் அவர்களுக்கே தருவதாக ஒரு வாசகம் பொடி எழுத்தில் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். காப்பீட்டுப் பணத்தை நேரடியாகத் தம் பெயருக்கு எழுதி வாங்கும் முறை, 2023 ஜனவரி 1க்குப் பிறகு எடுத்த அல்லது புதுப்பித்த பாலிசிகளுக்கு ஃப்ளோரிடாவில் செல்லாது. அதை இன்னும் கேட்பவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். உங்கள் சார்பில் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுகிறேன் என்று பப்ளிக் அட்ஜஸ்டர் எவரேனும் வந்தால், ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்த பேரிடரில் முதல் ஓராண்டுக்குள் செய்யப்படும் கோரிக்கைக்கு அவர் 10 சதவீதத்துக்கு மேல் கட்டணம் வாங்க முடியாது.

கூரை ஒப்பந்ததாரரின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, மாநில உரிமத் துறையின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். மாநிலம் முழுவதும் வேலை செய்ய உரிமம் பெற்ற கூரைக்காரரின் எண் 'சிசிசி' என்ற எழுத்துகளில் தொடங்கும். பெர்மிட் (கட்டட வேலைக்கான அனுமதி) அவருடைய பெயரில்தான் எடுக்கப்பட வேண்டும். 'வீட்டுக்காரரே எடுத்தால் செலவு குறையும்' என்பவர் பெரும்பாலும் உரிமம் இல்லாதவர். நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டாலும், அவர் தம் துணை ஒப்பந்ததாரருக்கோ ஓடு விற்ற கடைக்கோ பணம் தரவில்லை என்றால், அவர்கள் அந்தப் பாக்கிக்காக உங்கள் வீட்டின் மீது உரிமை கோர இந்த மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. எனவே ஒவ்வொரு தவணைக்கும் 'பாக்கி இல்லை' என்ற கையெழுத்துத் தாளை எல்லாரிடமும் வாங்கிய பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.

பாதிக் கூரை போயிருப்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வீட்டின் கூரை எந்த ஆண்டு போடப்பட்டது? 2007ஆம் ஆண்டின் அல்லது அதற்குப் பிந்தைய கட்டுமான விதிகளின்படி அமைந்த கூரை என்றால், 25 சதவீதத்துக்கு மேல் சேதமானாலும் சேதமான பகுதியை மட்டும் பழுதுபார்த்தால் போதும் என்பது 2022இல் வந்த மாற்றம். அதைவிடப் பழையது என்றால் கூரை முழுவதையும் இன்றைய விதிகளுக்கு உயர்த்த நேரலாம். அந்தக் கூடுதல் செலவுக்குப் பாலிசியில் தனிப் பகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும், கூரையின் சட்டகத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. கூரை மூடிய பிறகு அவற்றை எட்டுவது கடினம்.

வீட்டுக்குள் போகும்போது என்95 முகக்கவசம், கையுறை, தடித்த அடியுள்ள காலணி ஆகியவை கட்டாயம். நனைந்த பஞ்சைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், இழைகள் காற்றில் பறந்து தொண்டையில் இறங்கும். ஈரத்தோடே அள்ளிப் பையில் கட்டுங்கள். ஈரமான சுவர்ப்பலகையில் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், படம் எடுத்து முடித்த சுவர்களைக் காயும்வரை வைத்திருக்காமல் அறுத்து எடுத்துவிடுவதே நல்லது. டப்பாவில் இருந்த அரிசியை, மூடி இறுக்கமாக இருந்திருந்தாலும், தூக்கி எறிந்துவிடுங்கள். முற்றத்தில் ஆணியும் கண்ணாடித் துண்டும் புல்லுக்குள் மறைந்திருக்கும். காந்த உருளையை ஒரு முறை ஓட்டுவதற்கு முன்னால் மகனை அங்கே விளையாட விட வேண்டாம்.

பதில்: மழைக்குருவி (ஜாக்சன்வில்)

பள்ளி ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மற்றவர்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டதால் உங்கள் மகனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலணியோடு தூங்குவது அவனுடைய அறிவுக்கு எட்டிய தற்காப்பு. அன்று ஓடினான், பிழைத்தான். மறுபடியும் ஓட வேண்டியிருக்கலாம் என்று தயாராக இருக்கிறான். அதைக் கேலி செய்யவோ வலிந்து கழற்றவோ வேண்டாம். காலணியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவன் கை எட்டும் இடத்தில் வைக்கலாம் என்று அவனோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். கைவிளக்கையும் அதனருகில் அவனே வைக்கட்டும். எதிர்பாராமல் வரும் ஒலிதான் அவனை அதிகம் உலுக்குகிறது என்றால், கைபேசியின் எச்சரிக்கை ஒலி எதற்காக வருகிறது, வந்தால் நாம் என்ன செய்வோம் என்பதைப் பகல் வெளிச்சத்தில், அவன் உங்கள் மடியில் இருக்கும்போது பேசுங்கள். 'இனி வரவே வராது' என்று உறுதி கொடுக்காதீர்கள். அவன் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முறை அது பொய்யானால் பிறகு எதையும் நம்ப மாட்டான். 'வந்தால் முன்பே சொல்வார்கள், நாம் எல்லாரும் சேர்ந்து உள்ளே போவோம், அன்று போனதைப் போல' என்பது உண்மை. அது அவனுக்குப் போதும்.

அன்று ஃப்ளோரிடாவில் 126 டொர்னேடோ எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன, 40க்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள் உறுதிசெய்யப்பட்டுள்ளன. வழக்கமாக ஹரிகேனின் வெளிப்பட்டைகளில் பிறக்கும் டொர்னேடோ சிறியதாக, சில நிமிடங்களில் அடங்கிவிடும். மில்டனில் வந்தவை அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளி மாநிலங்களில் வருவனபோல் வலுத்து, நெடுந்தூரம் ஓடின. இதைச் சொல்வதற்குக் காரணம், பெரியவர்களுக்கும் இது புதிய அச்சம் என்பதை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான். அந்தக் காணொளிகளை அவன் இருக்கும் அறையில் ஓடவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு, திரும்பத் திரும்பக் காட்டப்படுவது பழைய காட்சி என்று புரியாது. ஒவ்வொரு முறையும் அது புதிதாக நடப்பதாகவே தோன்றும்.

தூக்கமும் சாப்பாடும் பள்ளியும் பழைய நேரத்துக்குத் திரும்புவதே பெரிய மருந்து. ஒரு மாதத்தைத் தாண்டியும் பயம் குறையாமலோ கூடிக்கொண்டோ போனால், பள்ளி ஆலோசகர் வழியாகக் குழந்தை உளவியலாளரைப் பாருங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் மனம் பாரமாக இருந்தால் 1-800-985-5990 என்ற பேரிடர்த் துயர உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அயல்நாட்டில், தனக்குப் பழக்கமில்லாத பேரிடரில், மகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்று எண்ணும் முதியவர்கள் எதையும் வெளியே சொல்வதில்லை. அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். பேரனைத் தூங்கவைப்பதே அந்த வேலையாக இருக்கலாம்.

நெய்தல்நிலா

எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா முன்பெல்லாம் அவனுக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பார். இந்தக் களேபரத்தில் அது நின்றே போயிருந்தது. மகன் பெயரில் ஃபீமாவில் பதிவுசெய்துவிட்டோம். கூரை 2005இல் போடப்பட்டது என்று ஆவணத்தில் இருக்கிறது, ஆகவே பாலிசியில் அந்தத் தனிப் பகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: காப்பீட்டுக் காசோலை வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து வரும் என்கிறார்களே, அப்படியானால் பணத்தை எடுப்பது எப்படி?

பதில்: பனையோலை (ஃபோர்ட் மையர்ஸ்)

ஆம், கட்டடத்துக்கான காசோலை பெரும்பாலும் இரண்டு பெயரிலும்தான் வரும். கடன் நிறுவனத்தில் காப்பீட்டுச் சேதப் பணத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கும். காசோலை வருவதற்கு முன்பே அவர்களை அழைத்து, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழக்கமாக அட்ஜஸ்டரின் மதிப்பீடு, ஒப்பந்தம், ஒப்பந்ததாரரின் உரிமம் ஆகியவற்றைக் கேட்பார்கள். முதல் தவணையைக் கொடுத்துவிட்டு, வேலையின் நடுவிலும் முடிவிலும் ஆளை அனுப்பிப் பார்த்து மீதியை விடுவிப்பார்கள். கல்தச்சன் சொன்ன 'பாக்கி இல்லை' தாள் இங்கேயும் உதவும். உடைமைகளுக்கும் தங்கும் செலவுக்கும் வரும் பணம் தனியாக உங்கள் பெயரிலேயே வரும். எல்லாவற்றையும் ஒரே காசோலையில் போட்டுவிட்டால், பிரித்துத் தரும்படி காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். 2005 கூரை என்பதால் மதிப்பீடு கைக்கு வந்ததும் தேய்மானம் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பார்த்து இங்கே எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.